கட்டி என்று தாத்தா சொன்னது

1

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: எழுபத்தாறு வயதுப் பழனியப்பன், துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர், தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியையான அவர் மருமகள் லோகேஸ்வரி, பேத்தி காமினி, சனிக்கிழமை டியூஷனுக்கு வந்த நான்கு பிள்ளைகள், அவர்களில் ஒருத்தியான ஷார்லினைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற அவள் தாய் ஆலிஸ். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்ப வேண்டாம்.

பழனியப்பன் நான்தான். குடும்பப் பெரியவர் ஒருவர் 'நான், நான்' என்று எழுதுவது அழகல்ல என்பதால் அவரைப் படர்க்கையில் நிறுத்துகிறேன். இந்தக் கதை பிறந்த காரணம் எளிது. குடும்ப வாட்சாப் குழுவில் இதே சம்பவம் நான்கு விதமாக ஓடுகிறது. ஐந்தாவதை நானே எழுதினால்தான் மரியாதை.

2

முதல் தொடக்கம்: "தண்ணீர்மலை அடிவாரத்தில் கருங்கல்லைப் பிளந்து வாழ்ந்த வீரப் பரம்பரை ஒன்று..." (நிறுத்திவிட்டேன். கதை முடிவதற்குள் இந்த வாக்கியம் விழுந்துவிடும்.)

இரண்டாம் தொடக்கம்: "பாறைகள் மூன்று வகைப்படும்." இது லோகேஸ்வரியின் வாக்கியம். இதில் பொய் இல்லை. வைத்துக்கொள்கிறேன்.

3

பாறைகள் மூன்று வகைப்படும் என்று சொல்லி முடித்த லோகேஸ்வரி, வாளி நிறையத் தண்ணீர் வைத்து, "எது மூழ்கும், எது மிதக்கும்னு போட்டுப் பாருங்க" என்றாள். பிள்ளைகள் கொண்டுவந்த கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. காமினி கண்ணாடி அலமாரியைத் திறந்து, குடும்பக் கல்லை எடுத்து வாளியில் போட்டாள்.

அது பழனியப்பனின் தாத்தா விட்டுப்போன கல். தண்ணீர்மலைக் கோயில் கட்டியபோது அவர் பிளந்த முதல் கல் என்பது வரலாறு. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று எண்ணெயும் சந்தனமும் பூசிப் பூசிக் கறுத்திருந்தது. பழனியப்பனைத் தவிர யாரும் தொடக் கூடாது. அவரும் இரண்டு கையாலும்தான் தூக்குவார். (இரண்டு கையாலும் தூக்கினால் எதுவும் கனமாகத்தான் தெரியும்.)

கல் மிதந்தது.

"டீச்சர், சாமிக் கல்லு நீந்துது!" என்று ஷார்லின் கத்தினாள்.

"அற்புதம்லா!" என்று ஆலிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். மறு கையால் படம் எடுத்தாள்.

பழனியப்பன் சுதாரித்துக்கொண்டார். "எரிமலைக் கல்லு மிதக்கும்னு நீதானேம்மா சொன்னே? இது அந்த வகை. பிள்ளைங்களுக்குச் சொல்லு."

லோகேஸ்வரி அதை எடுத்து நகத்தால் கீறி, மோந்து பார்த்தாள். "மாமா, இது கல்லே இல்ல. கட்டிப்பால். ரப்பர் மரத்துப் பாலு கோப்பையிலேயே உறைஞ்சா இப்படித்தான் ஆகும். ரப்பர் தோட்டத்துல எங்கப்பா சாக்குல கட்டித் தூக்குவாரு."

"பாலு திரவம், கட்டி திடம்," என்றாள் காமினி. "அப்ப வாயு?"

"அதான் இந்த நாத்தம்!" என்றாள் ஷார்லின். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் பழனியப்பன் சொன்னார்: "தோட்டத்துப் பொண்ணுக்குப் பார்க்கிறதெல்லாம் ரப்பராத்தான் தெரியும்."

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். பிறகு காமினி இதைப் படித்துவிட்டு, "தாத்தா, நீங்க சொன்னத மட்டும் விட்டுட்டீங்க" என்றாள். திரும்பவும் எழுதினேன்.)

லோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டாள். "பாடம் முடிஞ்சுது. புத்தகத்த மூடுங்க." அன்று மாலையே மகள் காமினியை அழைத்துக்கொண்டு, கடற்பாலம் தாண்டிப் பத்து காவான் என்ற ஊருக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். காரை ஓட்டியவன் பழனியப்பனின் மகன் கோகுலன்.

4

ஆலிஸ் எடுத்த படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. பாலும் மாலையுமாக ஆறு பேர் வந்தார்கள். முன்னோர் கண்காட்சி நடத்தும் சங்கத்திலிருந்து தொலைபேசி: "ஐயா, மிதக்கும் கல்லுக்குத் தனி மேசை போடுறோம். உங்க தாத்தா பேரப் பெருசா எழுதுறோம்லா."

பழனியப்பன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பொருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையால்தான் எடுத்தார்.

தாத்தா சாகும்வரை, "என் கட்டிய பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'கட்டிய' என்றால் கோயில் கட்டிய கல் என்று குடும்பம் கூடி முடிவு செய்தது. 'பால்' என்ற சொல்லை அவர் விழுங்கினாரா, நாங்கள் விழுங்கினோமா, தெரியவில்லை. கோயில் கல் பிளந்த பரம்பரை என்ற அந்த முடிவை வைத்துத்தான் மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் பெண் எடுக்கத் தயங்கினோம். கோகுலனின் கல்யாணத்தில் நான் சம்பந்தியின் பக்கத்தில் உட்காராமல்... (இந்த வாக்கியம் போதும்.)

5

முடிவுகள். ஒன்று: பொருள் மேசையேறுகிறது, லோகேஸ்வரி வாய்மூடித் திரும்பி வருகிறாள். உறவினர்களில் பலருக்கு இது பிடிக்கும். இரண்டு: பழனியப்பன் பாலத்திலிருந்து அதைக் கடலில் எறிகிறார். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மிதக்கும்.

இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. அது இப்போது அலமாரியில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விட முடியாது. லோகேஸ்வரி வந்து மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. பழனியப்பன்தான் பத்து காவானுக்குப் போனார். அவள் அப்பா நாற்காலி போட்டும் உட்காராமல், நின்றபடி, மன்னிப்புக் கேட்டவர் அவர்.