காஞ்சிரைக்குப் பன்னிரண்டு மூலங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அகராதி அலுவலகத்தின் ‘க’ இழுப்பறையில் காஞ்சிரை என்ற சொல்லின் அட்டை முளைவிட்டது. எட்டி மரத்தின் பழைய பெயர் அது. கொட்டையைத் தின்றால் ஆள் காலி, எனவே பொருள் எழுதுவதில் சிக்கலில்லை. சொல் எங்கிருந்து பிறந்தது என்பதோடுதான் தலைமைப் பதிப்பாசிரியர் பதினோரு வருடமாக மல்லுக்கட்டினார். வருடத்துக்கு ஒரு மூலம் கண்டுபிடித்து, போன வருடத்தைவிடப் பிரமாதம் என்று தானே மெச்சிக்கொண்டு அட்டையில் ஏற்றினார். ‘தெரியவில்லை’ என்று எழுதும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. தெரியாதவர்களுக்கு எதற்கு நாற்காலி என்று மேலிடம் கேட்டுவிடுமாம்.

மூலத்துக்கு ஓர் இலையாக, சாயங்காலத்துக்குள் பதினோரு இலை விட்டு, செடி மேசையைத் தொட்டது. பதினொன்றுக்கும் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்திட்ட உதவிப் பதிப்பாசிரியைக்கு அன்றே வாய் கசந்தது. தேநீர், தண்ணீர், சொந்த எச்சில் எல்லாம் கசப்பு. மருத்துவர் நாக்கைப் பார்த்து, அதில் ஒரு குறையுமில்லை, என்ன உத்தியோகம் என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை, அட்டை அச்சுக்குப் போகும் நாள், பதிப்பாசிரியர் அதற்குள் மரமாகிவிட்ட செடியின் கிளைகளை விலக்கிக்கொண்டு பன்னிரண்டாவது மூலத்தோடு வந்தார்.

“கையெழுத்துப் போடும்மா. இதுதான் முடிவு.”

“போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க சார்.”

“நீ போடலன்னா திங்கக்கிழமை வேற ஆள் வந்து போடுவாங்க.”

படுக்கையில் கிடக்கும் கணவர், படிக்கிற மகள், இருவருக்கும் அவள் ஒருத்தியின் வேலைதான் சோறு. இருந்தும் பேனாவை எடுத்துப் பன்னிரண்டையும் அடித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். மரம் வளர்வது நின்றது, வாய்க் கசப்பு போயிற்று, கூடவே வேலையும் போயிற்று.

திங்கட்கிழமை மற்ற இழுப்பறைகளும் முளைத்தன. நாற்பது வருடத்து மேதாவித்தனம் உள்ளே கிடந்ததால் புதன்கிழமைக்குள் அரிவாள் இல்லாமல் உள்ளே நுழைய முடியவில்லை. புதிய ஆள் இரண்டே கையெழுத்தில் துப்பிக்கொண்டே ஓடினார். வியாழக்கிழமை பதிப்பாசிரியர் ஒரு மூட்டை அட்டையோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“நீ திரும்பி வந்துடும்மா. இதுலயெல்லாம் அதையே எழுதிக் குடுத்துடு.”

“அதுல என்ன சார் இருக்கு? நீங்களே எழுதலாமே.”

“எழுதிப் பாத்தேன். எனக்கு வரமாட்டேங்குதும்மா.”

அவள் திரும்பிப் போனாள். அகராதியும் ஒருவழியாக வெளிவந்தது. காஞ்சிரை மரம் மட்டும் அறையிலேயே நிற்கிறது. பதிப்பாசிரியர் அதில் குடையை மாட்டுகிறார். மரம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் உடனே ஒரு காரணம் சொல்கிறார். ஓர் இலை துளிர்க்கிறது. அவள் எழுந்து போய் அதைக் கிள்ளிக் குப்பைக்கூடையில் போடுகிறாள்.