கவிச்சி படாத வீடு

சியாமுக்கு ரயில் பாதை போட வேண்டுமென்று ஜப்பான்காரன் தம்பி கணேசமூர்த்தியை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, பூங்காவனம் அழவில்லை. அழுதுகொண்டு நின்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள்.

“என் தம்பி முழுசா திரும்பி வர்ற வரைக்கும் என் வீட்டுல யார் வாயிலயும் கவிச்சி படாது. இது என் வாக்கு. உன் வேலையை நீ பாரு” என்று அம்மனிடம் கறாராகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம். மலாக்காவில் கறி என்பது வாயால் பேசுவதற்கு மட்டுமே இருந்த பொருள். அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் காலையிலும் மரவள்ளி, மத்தியானமும் மரவள்ளி. இல்லாத கறியை விடுவதற்கு ஒரு நேர்ச்சையா என்று பக்கத்தில் சிரித்தவர்களும் இருந்தார்கள். பூங்காவனத்துக்கு அது பொறுக்கவில்லை. சின்ன நேர்ச்சை என்பதாலேயே அதில் ஒரு இம்மியும் பிசகக்கூடாது என்று ஒரே பிடியாக இருந்தாள். பிடிவாதம் அவளுக்குக் கூடப் பிறந்தது. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், பிள்ளை கிடையாது. ஆறு வயதில் தாயில்லாமல் நின்ற தம்பியை வளர்த்து ஆளாக்கியதே அந்தப் பிடிவாதம்தான்.

தம்பி போகும்போது அவன் மனைவி சந்திரமதிக்கு நாலு மாதம்.

சந்திரமதிக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் விடிந்தும் தூங்குவாள், உட்கார்ந்தும் தூங்குவாள். முகம் உப்பி, குரல் ஆம்பிளைக் குரலாகக் கரகரத்தது. ‘சோம்பேறியைக் கொண்டுவந்து கட்டிவிட்டோமே’ என்று பூங்காவனம் பகலெல்லாம் கரித்துக் கொட்டினாள். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பொன்னையாதான் பார்த்துவிட்டு, தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு அது வேலை செய்யவில்லை என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் பெண் ஆளே மாறிவிட்டாள். அதற்கப்புறம் பூங்காவனம் அவளைத் திட்டுவதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது.

ஜப்பான் சண்டை வந்து மருந்தெல்லாம் மறைந்த பிறகும், வேறு யாருக்கும் வேண்டாத அந்த மாத்திரையை டிரஸ்ஸர் எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொடுத்துவந்தார்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் குழந்தை பிறந்தது. பெண். தாய்க்குப் பால் தாராளமாக வந்தது. பக்கத்துத் தெங்கேராவிலிருந்து மீன்காரன் ஒருவன், பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்று இரண்டு துண்டு பால்சுறா கொண்டுவந்து வாசலில் வைத்தான். பூங்காவனம் அதை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அலமேலு வீட்டுக்குத் தள்ளிவிட்டாள். அலமேலு மலாக்காச் செட்டி. பெயர்தான் தமிழ், பேச்சு முழுக்க மலாய். “திரிமா காசே, காக்கா” என்று அக்கா முறை வைத்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் டிரஸ்ஸர் பிள்ளையைப் பார்க்க வந்தார். மடியிலிருந்து ஒரு பழுப்புப் புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

“இதுதாம்மா கடைசி. பாத்துச் சாப்பிடச் சொல்லுங்க.”

“இது என்ன வேருலங்க ஐயா செய்யறது?” என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள் பூங்காவனம்.

“வேரா?” டிரஸ்ஸர் சிரித்தார். “ஆட்டுக் கழுத்துல இருக்கிற சுரப்பிம்மா. அறுத்துக் காயவச்சு இடிச்சது. இந்தப் புட்டிக்குள்ள எத்தனை ஆடு இருக்கோ!”

அவர் போன பிறகு பூங்காவனம் விரல்விட்டு எண்ணினாள். ஐந்து மாதம். விடிந்தால் ஒரு மாத்திரை. ஐந்து மாதமாக அவள் வீட்டில், அவள் கண்ணெதிரே, தினம் ஆடு வாய்க்குள் போயிருக்கிறது. தம்பியிடமிருந்து ஒரு சேதியும் வராததற்குக் காரணம் இப்போது விளங்கிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

சந்திரமதியிடம் சொன்னாள். அந்தப் பெண் வெளுத்துப் போய், புட்டியைத் தானே எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

“நீங்களே வச்சிக்குங்க அண்ணி. அவரு வரணும். இது இல்லாட்டி எனக்குத் தூக்கந்தானே வரும்? தூங்கிட்டுப் போறேன்.”

பால் என்கிற பேச்சு இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. பாலுக்கும் அந்த மாத்திரைதான் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பூங்காவனம் புட்டியை மஞ்சள் துணியில் சுற்றி அத்தாப்பு ஓலைக் கூரைக்குள் செருகி வைத்தாள்.

முப்பதாம் நாள் பெயர் வைக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். “அப்பன் வந்து அவன் வாயால காதுல சொல்லட்டும். அதுவரைக்கும் பாப்பா பாப்பாவாவே இருக்கட்டும்” என்று பூங்காவனம் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். மறுத்துப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

தை பாதி கடந்தபோது பால் சுண்டத் தொடங்கியது. பாப்பா அழுது அழுது சப்பும். பத்து வாய் இழுத்துவிட்டுக் கையை முறுக்கிக்கொண்டு கத்தும். சந்திரமதியோ நாளுக்கு நாள் பூரித்துக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பியது, கண் இடுங்கியது, கை கால் திரண்டன. ஊரே எலும்பாகக் கிடந்த நேரத்தில் அவள் ஒருத்தி மட்டும் கொழுகொழுவென்று நின்றாள்.

“மாக் கெமோக், அனாக் கூருஸ்” என்றாள் அலமேலு ஒருநாள் வேலியோரம். அம்மா குண்டு, பிள்ளை ஒல்லி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு பூங்காவனத்தின் நெஞ்சில் தைத்துவிட்டது. குழந்தைக்கென்று எடுத்து வைத்த அரிசி டின்னை அன்றே தன் பாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். பிறகும் சந்திரமதி பருத்தாள்.

“பெத்த புள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டு, ஒளிச்சு ஒளிச்சு என்னத்தடி திங்கிறே?”

சந்திரமதி நிமிர்ந்து பார்த்தாள். சொன்னது காதில் ஏறி மனதுக்குப் போய்ச் சேர நேரம் பிடித்தது. பிறகு, “ஒண்ணுமில்ல அண்ணி” என்றாள், பழைய கரகரத்த குரலில்.

அந்தக் குரலைக் கேட்டபோதே பூங்காவனம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கோபம் அவள் காதை அடைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து உரலுக்குப் பின்னால் பெருக்கும்போது ஒரு சட்டி அகப்பட்டது. உள்ளே கஞ்சி. புளித்து நுரைத்துக் கிடந்தது. கூடவே இலையில் மடித்த கிழங்கு, கை படாமல் அப்படியே. சந்திரமதிக்குக் கொடுத்த சாப்பாடு.

“பசிக்கல அண்ணி. வேணாம்னு சொன்னா நீங்க கோவிப்பீங்களேன்னு…”

பூங்காவனம் அவள் கையைப் பிடித்தாள். வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது. அந்தக் கை மண்பானை போல ஜில்லென்று இருந்தது.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தாள். டிரஸ்ஸர் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நேர்ச்சையையும் மறைக்கவில்லை.

பொன்னையா தலையில் அடித்துக்கொண்டார். “என்னைத்தான் செருப்பால அடிக்கணும்” என்றார். “வாய் சும்மா இருக்காம ஆடு, மாடுன்னு சிரிச்சிட்டு வந்தேன். அது கறியில்லம்மா. அந்தப் பொண்ணு உடம்பை ஓட்டுறதே அதுதான். சூடு, பசி, புத்தி, பால் எல்லாம் அதுலதான். அவ உடம்பு ஊதினது வீக்கம்மா, சதையில்ல.”

“இன்னிக்கே குடுத்தா இன்னிக்கே பால் வந்துருமா?”

“வராது. ரெண்டு மூணு வாரம் ஆகும்.”

“அதுவரைக்கும் புள்ளை?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கஞ்சித் தண்ணி குடுங்க. நல்லாக் கொதிக்க வச்சுக் குடுங்க.”

திரும்பி வரும்போது கோயில் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் பூங்காவனம் நின்றாள். மாத்திரையைக் கொடுத்தால் தம்பி வரமாட்டான். கொடுக்காவிட்டால் அவன் வந்து பார்க்கப் பிள்ளை இருக்காது. தன் மடியில் வளர்ந்தவனை நினைத்து அந்தத் தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கூரையிலிருந்து துணிமூட்டையை இழுத்தாள். மாத்திரை பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது.

சந்திரமதி மாத்திரையை வாங்கிக்கொள்ளவில்லை. “வேணாம் அண்ணி. அவரு வரட்டும்” என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மந்தமான அந்தப் பெண்ணிடம் இத்தனை உறுதி இருந்ததைப் பூங்காவனம் அன்றைக்குத்தான் கண்டாள்.

“சரி, விடு” என்று எழுந்து போனாள். மாத்திரையைத் துடைத்து, பொடித்து, கஞ்சியில் கலக்கிக் கொண்டுவந்தாள். கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாக்குத் தவறியது தான் ஒருத்திதான், தண்டனை வந்தால் தனக்கே வரட்டும் என்று அம்மன் இருந்த திசை பார்த்து முணுமுணுத்தாள். தினம் இப்படியே.

ஒன்பதாம் நாள் சந்திரமதி, “இன்னும் கொஞ்சம் கஞ்சி இருக்கா அண்ணி?” என்று கேட்டாள். பூங்காவனம் அடுப்படிக்குள் போய்ச் சட்டியை வழித்தபடி விம்மினாள். பன்னிரண்டாம் நாள் சந்திரமதியின் உள்ளங்கையில் சூடு தெரிந்தது.

பதினாலாம் நாள் பாப்பாவுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. கஞ்சித் தண்ணியும் நிற்கவில்லை. தாய் மார்போடு அணைத்தாள். பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. காம்பு வாயில் இருந்தபடியே இருந்தது. பதினாறாம் நாள் காலை, வெயில் வாசலுக்கு வந்த நேரத்தில், பாப்பா பூங்காவனத்தின் மடியில் அடங்கிவிட்டது.

அலமேலுவின் புருஷன் குழி வெட்டினான். அலமேலு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழி மூடிய மூன்றாம் நாள் உள்ளேயிருந்து, “அண்ணி!” என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. கரகரப்பில்லாத, சுத்தமான குரல். பூங்காவனம் ஓடினாள். சந்திரமதி நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, ஈரம் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“பால் வருது அண்ணி.”

பூங்காவனம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கஞ்சியில் கலந்ததை அப்போதுதான் சொன்னாள். சந்திரமதி கோபப்படவில்லை.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி குடுத்திருக்கலாமே, அண்ணி.”

அவ்வளவுதான் சொன்னாள். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது வழக்கம். கோயிலுக்கென்று கொல்லையில் வளர்த்த செடியிலிருந்து பூங்காவனம் பூப் பறித்துவந்து, தன் கையாலேயே கட்டிவிட்டாள். அம்மனுக்கு அவள் கட்டிய பூமாலைகள் எத்தனையோ. அன்று செடியில் அம்மனுக்கென்று ஒரு மொட்டைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

சண்டை முடிந்து நாற்பத்தைந்து கடைசியில் ஒரு மத்தியானம், வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. காலில் ஆறாத புண், தலையில் பாதி மயிர் இல்லை. சிரித்த பிறகுதான் கணேசமூர்த்தி என்று தெரிந்தது.

பூங்காவனம் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். சந்தோஷத்துக்கு அழுகிறாள் என்று அவன் நினைத்தான். சந்தோஷந்தான், ஆனால் அது மட்டுமல்ல. வாக்கை மீறியும் தம்பி வந்துவிட்டான். அப்படியானால் அம்மன் அந்த நேர்ச்சையைக் கேட்கவேயில்லை. முதல் நாளே அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் இவன் இப்படியே இந்த வாசலில் வந்து நின்றிருப்பான்.

சந்திரமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். அவன் குடித்து முடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

“என்ன புள்ள, அக்கா?”

“பொண்ணுடா” என்றாள் பூங்காவனம்.

அவன் முகம் மலர்ந்தது. பாயைப் பார்த்தான், தூளி கட்டாத விட்டத்தைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான். மலர்ந்தது மெல்ல வாடியது. அழவில்லை. அழுது தீர்ந்த இடத்திலிருந்து வந்தவன் அவன்.

காலிச் சொம்பைப் பிடித்தபடி, “என்ன பேரு வச்சீங்க?” என்று கேட்டான்.

சந்திரமதி நாத்தனாரைப் பார்த்தாள். பூங்காவனம் அவன் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நீ வந்து வைக்கணும்னு இருந்தேன்டா” என்றாள்.