பாயின் அடிக்கட்டை, எங்கள் மேல்கட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எங்கள் கொட்டகையும் ஷபியுல்லா பாயின் கொட்டகையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து பாயின் மனைவி கமருன்னிசா குரல் கொடுப்பாள். மண் அரைக்கும் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. விழுந்த பாதிக்கே நாள் முழுக்கச் சிரிப்போம். அப்படியொரு அக்கம்பக்கம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

மின்சார வாரியத்துக்கு பியூஸ் கட்டை செய்யும் ஆர்டர் அப்போதுதான் வந்தது. ஒரு கொட்டகையால் தாங்காது. அதனால் சுவரில் பொருத்தும் அடிக்கட்டையைப் பாய் செய்வது, அதில் செருகும் மேல்கட்டையை என் வீட்டுக்காரர் விருத்தகிரி செய்வது என்று முடிவாயிற்று. மாதிரி பரிசோதனையில் தேறினால்தான் ஆர்டர் கைக்கு வரும்.

பாய்க்கு அது வெறும் ஆர்டர் இல்லை. கப்பும் சாசரும் விற்றுக் குடும்பத்தை ஓட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். மச்சான் நாசர் குவைத்திலிருந்து விசா அனுப்பியிருந்தார்.

“இது மட்டும் தேறட்டும் தங்கச்சி, விசாவத் திருப்பி அனுப்பிடறேன். இந்த வூட்ட வுட்டுட்டு நான் எங்க போறது?” என்றார் பாய் என்னிடம்.

கமருன்னிசா தர்காவுக்கு நேர்ந்துகொண்டாள். நான் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டினேன்.

பச்சை மண் சூளையில் வெந்தால் சுருங்கும். சுருங்குவதையும் சேர்த்துக் கோடு போட்ட ஸ்கேலை வைத்துத்தான் அச்சு வெட்ட வேண்டும். பேட்டையில் ஆளுக்கொரு ஸ்கேல், அவரவர் கையால் கீறியது. எங்களுடையதற்கு ஆயுத பூஜையில் சந்தனம் வைப்போம். பாய் தன்னுடையதை வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பார். ஒருத்தர் ஸ்கேலை இன்னொருத்தர் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ராசி போய்விடுமாம். ராசியாம்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் மாதிரி வெந்து வந்தது. மேல்கட்டை அடிக்கட்டைக்குள் போகவே இல்லை.

“ஒன் கட்ட பெருசு விருத்தகிரி” என்றார் பாய்.

“ஒங்க பள்ளம் சிறுசு பாய். எங்க ஸ்கேலு பொய் சொல்லாது.”

“அப்ப என் ஸ்கேலு பொய் சொல்லுதா?”

இரண்டு ஸ்கேலையும் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். இரண்டு மகாராஜாக்களும் முறைத்துக்கொண்டு போனார்கள். பேச்சு நின்றது. நானும் கமருன்னிசாவும் மட்டும் சுவருக்கு மேலே கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கைமாற்றிக்கொண்டு அவர்களைத் திட்டித் தீர்த்தோம்.

மறு மாதிரி சூளையிலிருந்து இறங்கிய அன்றே இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். சூடு ஆறாத கட்டைகளை வைக்கோலோடு மேசையில் வைத்தோம். அவர் மேல்கட்டையைச் செருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கமருன்னிசா என் கையைப் பிடித்து நசுக்கினாள். இன்ஸ்பெக்டர் அதைச் சுவரில் மாட்டுவதுபோல் நிமிர்த்திப் பிடித்தார். மேல்கட்டை தானாகக் கழன்று விழுந்து உடைந்தது.

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “நீ கட்டயச் சிறுசாக்கிட்டியா?”

“நீங்க போயிடக் கூடாதேன்னுதான் பாய். நீங்க பள்ளத்தப் பெருசாக்கிட்டீங்களா?”

“நீ எறங்கி வரமாட்டேன்னு நெனச்சேன்யா.”

ஒருவருக்காக ஒருவர் திருட்டுத்தனமாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இருவரும் சிரித்தார்கள், சிரிக்கும்போதே பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அந்த இரண்டு தலைகளையும் முட்டவைக்கலாம் போலிருந்தது. மனம் சேர்ந்து என்ன செய்வது, கட்டை சேரவில்லையே. ஆர்டர் கைநழுவிப் போனது. பாய் குவைத்துக்குப் போனார். கமருன்னிசா திட்டக்குடியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டு தொங்கியதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் சுற்று வழியாகப் போய்வந்தேன்.

மறுவருஷம் பேட்டையில் பரிசோதனை அறை திறந்தார்கள். அளவு பார்க்க எஃகு கேஜ் வந்தது. எல்லாக் கொட்டகைக்கும் ஒரே மண் கலவை, ஒரே ஸ்கேல். சந்தனம் வைத்த ஸ்கேலை என் வீட்டுக்காரர் அடுப்பில் போட்டபோது நான் தடுக்கவில்லை. கட்டைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை விழுந்ததும் ஊர் ஊராக ஆர்டர் வந்தது. கம்மாபுரத்திலிருந்தும் வேப்பூரிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். லாரிகள் வாசலில் வரிசை கட்டின. உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஃகுத் துண்டு இத்தனை வீட்டில் அடுப்பெரிய வைக்கும் என்று யார் கண்டது!

பாய் லீவில் வந்தார். உடம்பு இளைத்திருந்தது. கொட்டகைக்குள் வந்ததும் ஒரு அடிக்கட்டையை எடுத்து, எங்கள் மேல்கட்டையைச் செருகி, தலைகீழாக உதறிப் பார்த்தார். அசையவில்லை.

“அடிக்கட்ட யாரு செஞ்சது?”

“கடைசிக் கொட்டகை மாயவன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவன்கூட ஒனக்குப் பேச்சே கெடையாதேய்யா!”

“பேச வேண்டியதில்ல பாய். கேஜுல தேறினா போதும்.”

பாய் கட்டையைக் கீழே வைக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். “அப்ப நான் இல்லன்னாலும் சேருது” என்றார்.

“சேருது பாய்” என்றார் என் வீட்டுக்காரர். “அதத்தான் தாங்க முடியல.”