முதல் வாய்

எங்கள் மனநல வார்டில் நோய் குணமாகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. நூடுல்ஸ் வேகவைக்கத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். ஊருக்குள் மருத்துவமனை வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து இருக்கலாம். அதில் ஓர் அறை காலி. பில்-நாம் பரீட்சையில் தேறினால் அறை அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி என் பக்கத்துக் கட்டில்தான். அவள் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஆனாலும் போகட்டும் என்றே வேண்டிக்கொண்டேன்.

பரீட்சை வைக்க வந்த குவாக் அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. வார்டு சமையலறையில் மேசைக்கு எதிரே பேனாவோடு உட்கார்ந்தார். அறைக்கான வரிசையில் அவளுக்கு அடுத்தது நான் என்பதால் கதவோரம் காத்திருந்தேன்.

"ஒருத்தருக்கு மட்டும் செஞ்சு சாப்பிடுங்க. நான் பாத்துட்டு மட்டும் இருப்பேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பில்-நாம் தண்ணீர் கொதிக்கவிட்டு நூடுல்ஸைப் போட்டாள். வெங்காயத்தாள் நறுக்கினாள். நடுவில் தலையைச் சாய்த்து, "சும்மா இரு, காரம் எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தாள். அவள் காதுக்குள் பேசும் குரலுக்குச் சொன்ன பதில் அது. குவாக் அம்மா ஏதோ எழுதினார். எழுதட்டுமே! என் புருஷன்கூடத்தான் நான் சமைக்கும்போது குறுக்கே பேசுவான். அவனை யார் அடைத்துவைத்தார்கள்?

அடுப்பை மறக்காமல் அணைத்தாள். கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் தொட்டுக்கொள்ளக் கிம்ச்சி ஊறுகாய் வைத்து உட்கார்ந்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஆவி அடங்கியது. நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்து உப்பியது. குவாக் அம்மா அவளைப் பார்த்தபடி இருந்தார். அவள் குவாக் அம்மாவைப் பார்த்தபடி இருந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே!

கடைசியில் குவாக் அம்மாவே கேட்டார்: "ஏன் சாப்பிடல? யாராவது சொன்னாத்தான் சாப்பிடுவீங்களா?"

பில்-நாமுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? நீங்க பெரியவங்க. நீங்க ஸ்பூன் எடுக்காம நான் எப்படி வாய் வைக்கிறது? எங்கம்மா என்னை அப்படியா வளத்தாங்க?"

"ஐயோ, நான் சாப்பிடக் கூடாதும்மா. நீங்க தனியா சாப்பிடுறீங்களான்னுதான் நான் பாக்கணும்."

"தனியாவா? வார்டுல அத்தனை பேரோட உக்காந்து தனியாத்தானே மேடம் சாப்பிடுறேன். யாரும் யாருக்காகவும் காத்திருக்கிறதில்ல. ஒருத்தருக்கொருத்தர் காத்திருந்து சாப்பிடணும்னுதான் அந்த வீட்டையே கேக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான்.

அதை மறைக்க, "மேடம், இன்னும் கொஞ்ச நேரம் விட்டா அது தலகாணி ஆயிடும். ஒரு வாய் எடுங்களேன்" என்றேன்.

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு, பில்-நாம் இன்னொரு கிண்ணம் எடுத்துப் பாதியை ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்தி குவாக் அம்மா முன்னால் வைத்தாள். அவர் பேனாவை மூடினார். ஸ்பூனை எடுத்தார்.

"கொழகொழன்னு இருக்கு."

"உங்களாலதான் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் பில்-நாம் முதல் வாய் சாப்பிட்டாள்.

அறை அவளுக்கே கிடைத்தது. நான் என் முறையில் அடுப்பை அணைக்க மறந்தேன், அது கிடக்கட்டும்.

அவள் போன அன்று சாப்பாட்டுக்கூடத்தில் என் பக்கத்து நாற்காலி காலி. அழுகை வந்தது. எதிரே, பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவி தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நான் எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்பூனை எடுத்தாள்.