கழட்ட ஒன்றுமில்லை

எங்கள் காரைக்குடி ஸ்டுடியோ முதலாளி வீரபாண்டியன் அண்ணன், பென்டிரைவைப் பிடுங்குமுன் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் டிரைவ் ஐகான் அத்தனைக்கும் எஜெக்ட் கொடுத்துக் கழட்டிவிடுவார். நான் சாப்பிட்டு வந்து பார்த்தால் கல்யாண வீடியோக்கள் இருக்கும் உள் டிஸ்க்கும் கழன்றிருக்கும். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இன்று லினக்ஸ் டெஸ்க்டாப் செட்டிங்கில் உள் டிஸ்க்குகளின் ஐகானைத் திரையில் காட்டும் டிக்கை எடுத்தேன். பென்டிரைவுக்கான டிக்கைத் தொடவில்லை.

"கல்யாணசுந்தரி, டிஸ்க்கை எங்க காணோம்?" என்று அண்ணன் அலறினார்.

"உள்ளதான் இருக்குண்ணே. ஐகானை மட்டும் மறைச்சுட்டேன்."

சாப்பிட்டு வந்து உள் டிஸ்க்கைத் திறந்தேன். பள்ளத்தூர்க் கல்யாணம் கெட்டிமேளத்தோடு தடங்கலில்லாமல் ஓடியது. அண்ணன் பென்டிரைவைக் கழட்டிவிட்டு, வெறும் திரையில் மவுஸைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்.

"இனி எதைக் கழட்டுவீக? போயி டீ சொல்லுங்கண்ணே," என்றேன்.