நல்ல தண்ணி

நூருன்னிஸாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாக யாரும் சாப்பிடவில்லை. அதில் மருமகள் அஸ்ராவின் புழுக்கள் குடியிருந்தன. மகன் ஷிஹாம் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். நூருன்னிஸா குசினியில் நின்றபடியே சாப்பிட்டாள். அஸ்ரா சாப்பிட்டாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது.

பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் என்று ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பூட்டுவதற்கு முன் அஸ்ரா உள்ளே ஓடி, மீன் அடைப்பதுபோன்ற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கண்டியிலிருந்து பஸ் ஏறி, அதை மடியை விட்டு இறக்காமல் மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டிக்குள் மீன் இருக்கும் என்று ஷிஹாம் ஆசையோடு திறந்தான். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் தண்ணீர் இருந்தது.

"இதுல என்ன ஈக்கி?" என்று கேட்டாள் நூருன்னிஸா.

"புழு மாமி."

"எங்க?"

"சும்மா பாத்தா தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத புழுவுக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்த மாமியார் மாத்தளை மாவட்டத்தில் இன்னொருத்தி இருந்தால் யாராவது கூட்டிக்கொண்டு வரட்டும். நூருன்னிஸா மேசைவிரிப்பையும் மாற்றினாள். வெள்ளை விரிப்பு நல்லது என்று அவளுக்குப் பட்டது. புழு தொலைந்தால் தேடலாம் அல்லவா?

அஸ்ரா யட்டவத்தையிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பெண். பெயருக்கு முன் டொக்டர் போடும் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஊரில் முதுகுவலிக்காரர்கள் இரண்டு பேர் மருந்து கேட்டு வந்ததும் உண்டு. அவள் படிப்பது என்னவென்று நூருன்னிஸாவுக்கு மட்டும் ஓரளவு தெரியும். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கடலடி மணலில் குழாய் கட்டிக்கொண்டு வாழும் ஒரு புழு. கைகள் குதிரை லாடம்போல் வளைந்திருப்பதால் அஸ்ரா அதை லாடப்புழு என்பாள். அதன் குஞ்சு தாயைப்போல் இருக்காது. கண்ணாடி மணி மாதிரித் தண்ணீரில் மிதந்து திரியும். பருவம் வந்ததும், கால் மணி நேரத்துக்குள், தலையணை உறையைப் புரட்டுவதுபோல் தன் உடம்பின் உட்பக்கத்தை வெளிப்பக்கமாகப் புரட்டிக்கொண்டு புழுவாகிவிடும். ஒரே உயிருக்கு இந்த இரண்டு உடம்பு எப்படி வந்தது, அந்தக் காலத்தில், மனிதனே இல்லாத அந்தக் காலத்தில், எந்த உடம்பு முதலில் வந்தது என்பதுதான் அஸ்ராவின் ஆராய்ச்சி.

"ஷிஹாமும் அப்பிடித்தான். கலியாணம் முடிச்சுக் கால் மணித்தியாலத்துல வேற ஆளாப் போயிட்டான்" என்றாள் நூருன்னிஸா. அஸ்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியும் மருமகளும் அன்றிலிருந்து இன்னும் நெருக்கமானார்கள்.

இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. குஞ்சுகள் எல்லாம் பருவத்துக்கு வந்துவிட்டன. ஆனால் ஒன்றுகூடப் புரளவில்லை. புரளாமல் காலம் கடந்தால் அடியில் படிந்து செத்துப்போகும். தினமும் காலையில் அஸ்ரா, ஆய்வுகூடத்திலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, செத்தவற்றை எடுத்துப்போட்டாள். இனி அடுத்த குஞ்சுகள் திருகோணமலைக் கடலில் அடுத்த வருஷம்தான் கிடைக்கும். அவளுக்கான உதவிப்பணமோ இந்த வருஷத்தோடு முடிகிறது. ஒரு குஞ்சாவது கண்முன் புரள வேண்டும். இல்லையென்றால் நாலு வருஷப் படிப்பு நடுவில் நின்றுபோகும்.

போதாததற்கு மழை. திருகோணமலையிலிருந்து மாத்தளைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் நுஹ்மானின் லொறியில்தான் அஸ்ராவுக்குக் கடல் தண்ணீர் கேன் வரும். நாலந்தைப் பக்கம் மண் சரிந்து வீதி அடைபட்டதில் மீனும் வரவில்லை, கடலும் வரவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் பழசாகிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸ்ரா சந்தைக் கடையிலிருந்த ஷிஹாமுக்குப் போன் எடுத்தாள். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நூருன்னிஸாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"லொறி இன்னைக்கும் இல்லையா? ... இந்தத் தண்ணி சரியில்லங்க. ... கொஞ்சம் நல்ல தண்ணி கெடச்சாலே போதும், காப்பாத்திருவேன். நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. பிறகு அஸர் தொழப் போனவள், தொழுது முடித்து முஸல்லா விரிப்பிலேயே சுருண்டு தூங்கிப்போனாள்.

நூருன்னிஸா துருவலையைக் கீழே வைத்தாள். நல்ல தண்ணி. பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறது. உப்புத் தண்ணீரிலேயே கிடந்தால் யாருக்குத்தான் விடாய்க்காது? கடலில் பிறந்ததாக இருந்தால் என்ன, அல்லாஹ் படைத்த உயிர்தானே? கிணற்றில் அள்ளலாம். ஆனால் நாலு வருஷப் படிப்பைக் காப்பாற்றப்போகும் தண்ணீர், கிணற்றுத் தண்ணீராக இருந்தால் எப்படி?

அவள் அறைக்குள் போய், இடுப்பில் செருகியிருந்த சாவியால் அலுமாரியைத் திறந்தாள். மேல்தட்டில், அவளை அடக்கும்போது போர்த்துவதற்கான கபன் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் சுற்றி வைத்த சின்னப் போத்தலை எடுத்தாள். அவளுடைய கணவர் ஸக்கரியா ஹஜ்ஜுக்குப் போய் மக்காவிலிருந்து கொண்டுவந்த புனித ஸம்ஸம் தண்ணீர். பாதியை அவர் மௌத்தான அன்று, உயிர் பிரியும் முன், அவளே அவர் வாயில் ஊற்றினாள். மீதியைத் தன்னுடைய அந்த நேரத்துக்காக வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அஸ்ராவைக் கூப்பிட்டு, "எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல மகள். இத நீங்கதான் பாத்துக்கோணும்" என்று காட்டியும் வைத்திருந்தாள்.

மேசைக்கு வந்து பிஸ்மி சொன்னாள். மூடியில் ஊற்றி, மெதுவாக, கிண்ணத்தின் ஓரத்தால் விட்டாள். ஒரு மூடி. பிறகு இன்னொன்று. பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்ததால் மூன்றாவதும் விட்டாள். இரண்டாவது கிண்ணத்துக்குப் போத்தலைச் சரித்தபோது உள்ளே ஒரு மூடித் தண்ணீர்தான் மிச்சம். கை நின்றது. இதற்கும் ஊற்றினால் தனக்கு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெட்கத்தோடு, போத்தலை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அஸ்ரா எழுந்து வந்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். கிண்ணம் கூடுதலாக நிறைந்திருந்தது.

"மாமி, இதுல யாராச்சும் ஏதாச்சும் ஊத்தினாங்களா?"

"நான்தான் மகள். நீங்க கேட்டீங்களே, நல்ல தண்ணி."

அஸ்ரா அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். "நான் கேட்டது நல்ல கடல் தண்ணி! இது கடல்ல இருக்கிறது மாமி. குடிக்கிற தண்ணி பட்டாச் செத்துப்போகும்! தெரியாட்டி என்கிட்டக் கேக்க ஏலாதா?"

இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. நூருன்னிஸா குசினிக்குப் போய், தேவையே இல்லாமல் வெங்காயம் உரித்தாள். வெங்காயம் இருந்தால் கண்ணுக்குக் காரணம் கேட்க மாட்டார்கள். கொன்றுவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. செத்த புழுக்களை நினைத்து அழுதாளா, பிள்ளையின் படிப்பை நினைத்து அழுதாளா என்றால், அந்த முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்றுதான் அழுதாள்.

ஆறாவது வெங்காயத்தில் இருக்கும்போது சாப்பாட்டு அறையில் கதிரை தடாரென்று விழுந்தது.

"மாமி! ஓடி வாங்க! மாமி!"

கையில் கத்தியோடு ஓடினாள். அஸ்ரா அவளைப் பிடித்து நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்த்தி, முந்தானையை ஒதுக்கி, தலையைப் பிடித்துக் கண்ணைப் பொருத்திவிட்டாள். முதலில் வெளிச்சம்தான் தெரிந்தது. அப்புறம், வெளிச்சத்துக்கு நடுவில், ஒரு கண்ணாடி மணி. தலையில் முக்காடு போட்டதுபோல் ஒரு மடிப்பு, இடுப்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள். அதன் வயிறு விம்மியது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குழாய் வெளியே தள்ளித் தள்ளி வந்தது. முக்காடு சுருங்கியது. குஞ்சு தன் முக்காட்டைத் தானே விழுங்கியது. மணி காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு சின்னஞ்சிறு புழு நெளிந்துகொண்டிருந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள். வேறு என்ன சொல்ல?

அதே கிண்ணத்தில் சில செத்துத்தான் கிடந்தன. ஆனால் இன்னும் மூன்று புரண்டுகொண்டிருந்தன. அஸ்ரா கமராவைப் பொருத்திப் படம் எடுத்தாள். எல்லாம் முடிந்தபின் மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள்.

"ஏசினதுக்கு மன்னிச்சுக்கோங்க மாமி. தண்ணியில உப்புக் கொறஞ்சதும் உசுப்பிவிட்டிருக்கு போல. ஆத்துத் தண்ணி கடல்ல கலந்தா, கரை பக்கத்துல இருக்குன்னு நெனைக்குமோ என்னமோ. இனித்தான் பாக்கணும்." கடதாசியையும் பேனாவையும் எடுத்தாள். "எவ்வளவு ஊத்தினீங்க?"

"மூணு மூடி."

"எந்தத் தண்ணி? கெணத்துத் தண்ணியா, பைப் தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"எந்த நல்ல தண்ணி மாமி? நான் எழுதோணும்."

நூருன்னிஸா இடுப்பிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். "இன்னும் ஒரு மூடி ஈக்கி. மத்தக் கிண்ணத்துக்கும் ஊத்தத்தான் பாத்தேன். மனசு வரல்ல. இப்ப நீங்களே ஊத்துங்க."

அஸ்ரா போத்தலைப் பார்த்தாள். கபன் துணியின் நூல் ஒன்று மூடியில் ஒட்டியிருந்தது. பேனாவைக் கீழே வைத்தாள். புழு புரண்டதற்கு முத்தமிட்டவள், இப்போது மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். நூருன்னிஸாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்காயக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை இரண்டாவது கிண்ணத்துக்கு அஸ்ரா கிணற்றுத் தண்ணீரைத்தான் அளந்து ஊற்றினாள். ஸம்ஸம்தான் வேண்டும் என்று நூருன்னிஸா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எந்தத் தண்ணீருக்குப் புரண்டது என்று தெரிய வேண்டுமாம். இரண்டு பேரும் தேநீரோடு காத்திருந்தார்கள். பகல் சமைக்கும் நேரத்துக்கு அதிலும் ஒன்று புரண்டது, பிறகு இரண்டு. நூருன்னிஸாவின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு தெளிந்தது.

"அப்ப நம்மட கெணத்துத் தண்ணியும் நல்ல தண்ணிதான்" என்றாள்.

அன்று அஸ்ரா கிண்ணங்களை மேசையின் ஒரு மூலைக்கு ஒதுக்கினாள். மூன்று பேரும் மீதி இடத்தில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் போத்தலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். நூருன்னிஸா பின்னாலேயே போய் அலுமாரியைத் திறந்துவிட்டாள். அஸ்ரா அதைக் கபன் துணிக்குள் பழையபடி சுற்றி வைத்தாள்.

"இத இனி யாருக்கும் குடுக்க ஏலா மாமி. நான்தான் ஒங்க வாயில ஊத்தோணும்."

"பட்டம் கெடச்சா வெளிநாட்டுக்குக் கூப்புடுவாங்கன்னு ஷிஹாம் சென்னான்." நூருன்னிஸா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்று வாரமாகக் கேட்காமல் வைத்திருந்தது அது.

"எங்க இருந்தாலும் வந்துருவேன். அது வரைக்கும் நீங்க அவசரப்படாதீங்க."

நூருன்னிஸா அலுமாரியைப் பூட்டினாள். இத்தனை வருஷம் இடுப்பை விட்டு இறங்காத அந்தச் சாவியை எடுத்து, மருமகளின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.