பெட்டியில் இருந்த கம்பளி

சேலையூரில் குளிர் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். மார்கழிக் காலையில் கொஞ்சம் ஜில்லென்றிருக்கும், எட்டு மணிக்கு ஃபேனைப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் எங்கள் குளிர்காலம். இந்த டிசம்பர் அப்படியில்லை. புயல் ஒன்று வருகிறேன் வருகிறேன் என்று கடலிலேயே உட்கார்ந்துகொண்டு வெயிலை ஒரேயடியாகத் துரத்திவிட்டது. நாள் முழுக்கச் சாரல், ஊதக்காற்று. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. மாடி வீட்டு பக்தவச்சலம் சார் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, "என்ன மேடம், ஊட்டியே நம்ம கேம்ப் ரோட்டுக்கு வந்துடுச்சு" என்று தினமும் அதே ஜோக்கைச் சொன்னார். மனுஷனுக்கு வேறு வேலையில்லை.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஜென்சி யு.கே.ஜி. படிக்கிறாள். மெர்வின் எட்டு மாதக் கைக்குழந்தை. முதலில் ஜென்சிக்குச் சளி, அவளிடமிருந்து அவள் அப்பா லாசரஸுக்கு, அவரிடமிருந்து எனக்கு. ஜென்சி சீக்கிரம் தேறிவிட்டாள். எனக்கு மூக்கு அடைத்தது அடைத்ததுதான், காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பையனுக்கு மட்டும் வந்துவிடக்கூடாதே என்று தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி அவன் நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மேலே போட்டுவிட ஒரு ஸ்வெட்டர் இல்லை. இந்த ஊரில் யார் ஸ்வெட்டர் வாங்கி வைக்கிறார்கள்?

அப்போதுதான் கூடுவாஞ்சேரியிலிருந்து அண்ணி வந்தார். ஞானஜோதி, என் கணவரின் அக்கா. குன்னூரில் டீச்சராக இருந்து ரிட்டயராகி வந்தவர். எதையும் தூக்கிப் போடமாட்டார், பிஸ்கட் டப்பாவைக்கூடத் துடைத்து அடுக்கி வைப்பார். அன்றைக்கு ஒரு பை நிறையக் கம்பளி கொண்டுவந்தார். தன் பிள்ளைகளுக்காகக் கையால் பின்னிய குட்டி ஸ்வெட்டர்கள், குல்லா, சாக்ஸ். எனக்கு ஒரு மெரூன் சால்வை.

"எத்தனை வருஷமா டிரங்குப் பெட்டியில கெடக்கு, ஒரு ஓட்டை இருக்கா பாரு ஹெப்சி! பாச்சை உருண்டையைக் கொட்டி வச்சிருந்தேன்" என்றார் பெருமையாக. பூச்சி அரிக்காமலிருக்கத் துணிகளுக்கு நடுவே போடுகிற வெள்ளை உருண்டைதான். எந்த வீட்டு பீரோவில் அது இல்லை?

ஜென்சி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயே, பாத்ரூம் வாசனை!"

"வெயில்ல ஒருநாள் போட்டா போயிடும்டா கண்ணு" என்றார் அண்ணி.

வெயிலுக்கு எங்கே போவது? அப்படியே உதறிப் போட்டுவிட்டோம். நீல ஸ்வெட்டரும் குல்லாவுமாக என் பிள்ளை அத்தனை அழகாக இருந்தான். லாசரஸ் போட்டோ எடுத்து சர்ச் குரூப்பில் போட்டார். எனக்குக்கூட அண்ணிமேல் அன்றைக்கு ஆசையாக இருந்தது.

இரண்டு நாள் போயிருக்கும். காலையில் நாப்பியைக் கழற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் பெய்திருந்த மூத்திரம் டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஜன்னலோரம் தூக்கிப்போய்ப் பார்த்தால் கண்ணில் மஞ்சள், உதட்டில் ரத்தமே இல்லை. பால் குடிக்கக்கூட வாயைத் திறக்காமல் துவண்டு கிடந்தான். "ஏங்க!" என்று நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து பக்தவச்சலம் சார் இறங்கி ஓடிவந்துவிட்டார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி இது: "வீட்ல பாச்சை உருண்டை யூஸ் பண்றீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறான், இந்தம்மா பீரோவைப் பற்றிக் கேட்கிறாள்!

"சில பையன்களுக்குப் பிறவியிலேயே ரத்தத்துல ஒரு குறை இருக்கும்மா. சாதாரணமா வெளிய தெரியாது. இந்த உருண்டையோட நெடி உள்ள போனா சிவப்பணு உடைய ஆரம்பிச்சிடும். எண்ணெய் தேய்ச்ச உடம்புல இன்னும் சீக்கிரம் ஏறும். உங்க பையனுக்குப் பாதி ரத்தம் உடைஞ்சிருச்சு."

"ஸ்வெட்டர் போட்டா ரத்தம் உடையுமா டாக்டர்?" என்றேன்.

"உடைஞ்சிருக்கே. உடனே ரத்தம் ஏத்தணும். அந்தத் துணி எதுவும் இனிமே இவன் பக்கத்துல வரக்கூடாது." அப்புறம் தயங்கிச் சொன்னார். "இந்தக் குறை அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். உங்க தப்புன்னு சொல்லலை, தெரிஞ்சுக்கணும்ல."

என் வழியாகவா? நான் என்ன பாவம் செய்தேன்? அந்த வார்த்தையை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆனால் துப்புவதற்கு ஓர் ஆள் இருந்தார். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி, சேதி கேட்டு ஓடிவந்து வராந்தாவில் நின்ற அண்ணியின் கையில் திணித்தேன்.

"எடுத்துட்டுப் போங்க! உங்க பெட்டியில கெடந்த விஷத்தை என் புள்ளைக்குப் போட்டுவிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க? இனிமே என் புள்ளை இருக்கிற பக்கம் வரக்கூடாது!"

"எனக்குத் தெரியாதும்மா. என் புள்ளைங்களும் இதைத்தான் போட்டாங்க" என்றார் அண்ணி. லாசரஸ் என்னையும் தடுக்கவில்லை, அக்காவையும் தேற்றவில்லை. மரம் மாதிரி நின்றார்.

ரத்தம் ஏற்றியதும் உதடு சிவந்தது. மறுநாள் காலையில் என் விரலைப் பிடித்து இழுத்தான். அப்பாடா என்றிருந்தது. வார்டில் ஏ.சி. வேறு, எலும்புக்குள் குளிர் இறங்கியது. சுற்றிலும் வேற்று ஆட்கள். நான் சால்வையை இழுத்துப் போர்த்தி, அவன் தலையையும் மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். பிடித்துக் குடித்தான். குடித்துவிட்டு அந்தக் கதகதப்பிலேயே தூங்கினான். கீழே படுக்க வைத்தால் அழுதான், அதனால் நாளெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மூத்திரம் மறுபடியும் கறுத்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஏத்தின ரத்தமே கரையலாமா? அது நல்ல ரத்தம்தானே, இவ்வளவு வேகமா எறங்கக் கூடாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டருக்கே புரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது? ஆண்டவரே, இவனை மட்டும் விட்டுவிடும் என்று வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி வந்து முதுகைத் தடவினாள்.

அந்த நேரம் பார்த்து, வீட்டில் ஜென்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவைப் பார்க்காமல் சாப்பிடமாட்டேன் என்று ஒரே அடமாம். அண்ணி வார்டு வாசலோடு நின்றுகொண்டார். எனக்கு அவரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் எதைக் கொடுக்க வந்தீங்க? வெளியவே நில்லுங்க. உங்களாலதான் என் புள்ளை இப்படிக் கெடக்கான்!"

ஜென்சி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். உடனே வெடுக்கென்று தலையை எடுத்தாள்.

"ஐயே! அம்மா, உன் மேல பாத்ரூம் வாசனை."

"என்னடி சொல்ற?"

"தம்பி ஸ்வெட்டர் வாசனை. இங்க." சால்வையின் நுனியைப் பிடித்துக் காட்டினாள்.

நான் சால்வையை எடுத்து முகத்தில் அழுத்தி இழுத்து இழுத்து மோந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அடைத்த மூக்குக்கு என்ன தெரியும்? டாக்டரம்மா கிட்டே வந்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கினார். சால்வையை எடுத்து ஒரே ஒரு முறை முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"இது எங்க இருந்தும்மா வந்துச்சு?"

அதே பையிலிருந்து. அதே பெட்டியிலிருந்து. ஸ்வெட்டரைக் கழற்றினேன், குல்லாவைக் கழற்றினேன், சாக்ஸை விட்டேனா? என் தோளில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அந்தச் சால்வைக்குள் அவன் தலையை மூடி, மூச்சுக்கு மூச்சு அந்த நெடியையும் சேர்த்துத்தானே பால் கொடுத்தேன். ஐயோ, இரண்டு நாளாக என் மடியிலேயே வைத்துக்கொண்டு!

"கழட்டுங்க, சீக்கிரம்!" டாக்டரம்மா சால்வையைப் பிடுங்கி நர்சிடம் கொடுத்து வெளியே அனுப்பினார். "நைட்டி, தலைமுடி எல்லாத்துலயும் நெடி ஏறியிருக்கும். தலைக்குக் குளிச்சு வேற துணி மாத்தாம குழந்தையைத் தொடாதீங்க. இவனோட மிச்ச ரத்தத்தை இந்த நெடிதான் உடைச்சிருக்கு. இப்ப காரணம் தெரிஞ்சிடுச்சு, மறுபடி ரத்தம் ஏத்திப் பார்ப்போம். இப்ப இவனை வேற யார்கிட்டயாவது கொடுங்க."

லாசரஸ் ரத்த வங்கிக்குப் போயிருந்தார். பிள்ளையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். வாசலில் அண்ணி இருந்தார். உள்ளே ஒரு கால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அந்தக் காலையும் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"அண்ணி" என்றேன். "உள்ள வாங்க. இவனை வாங்கிக்கோங்க."

அண்ணி ஓடிவரவில்லை. முதலில் தன் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கருகே வைத்துப் பார்த்தார். அதன்பிறகுதான் கையை நீட்டினார். மெர்வின் அவர் தோளில் கிடந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றேன்.